ஜெனோவாவில் கப்பல் ஏறும் முன்: எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம்?

இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணம் கிளம்பும் வாசகர்கள் பலர் தங்குவது, சாப்பிடுவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பொதுவான கேள்விகளுக்கு இங்கே பதில்.

கே: எங்கள் கப்பல் ஜெனோவாவிலிருந்து மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது. அன்று காலை மிலானிலிருந்து ரயிலில் வந்து ஏறிவிடலாமா, முந்தின நாளே வந்து தங்க வேண்டுமா? தங்குவதென்றால் எந்தப் பகுதி நல்லது?

ப: முந்தின நாளே வந்துவிடுங்கள். மிலான் சென்ட்ராலேயிலிருந்து ஜெனோவாவுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்தான். காகிதத்தில் பார்த்தால் அன்று காலை கிளம்பினாலும் போதும்போலத் தெரியும். ஆனால் இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும். அதற்கு ‘ஷோப்பெரோ’ என்று பெயர். தேதி முன்கூட்டியே அறிவிக்கப்படும். வேலைநாளாக இருந்தால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்களைக் கட்டாயம் ஓட்ட வேண்டும். நடுப்பகலை நம்ப முடியாது. மாலை 5 மணிக் கப்பல் என்றால் ஏறும் வாசலை அதற்கு ஒரு மணி நேரமோ அதற்கும் மேலோ முன்னதாகவே மூடிவிடுவார்கள். மூடியபின் யாருக்காகவும் திறக்க மாட்டார்கள்.

அறை பிடிப்பதற்கு முன் பயணச்சீட்டை எடுத்து இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, ஊர் ஜெனோவாதானா, சவோனாவா? எம்.எஸ்.சி. நிறுவனத்தின் கப்பல்கள் ஜெனோவாவில் நிற்கும். கோஸ்டா நிறுவனத்தின் தலைமையகம் ஜெனோவாவில் இருந்தாலும், அதன் கப்பல்களில் பல மேற்கே சுமார் 45 கிலோமீட்டர் தள்ளியுள்ள சவோனாவிலிருந்துதான் கிளம்புகின்றன. இரண்டு, முனையத்தின் பெயர். சொகுசுக் கப்பல்களுக்கு ‘ஸ்டாட்ஸியோனே மரித்திமா’. சார்டினியா, சிசிலி, துனிஸ் போகும் படகுகளுக்கு ‘டெர்மினல் த்ரகேத்தி’. டாக்ஸிக்காரரிடம் வெறுமனே ‘துறைமுகம்’ என்று சொன்னால் இரண்டாவது இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட வாய்ப்பு உண்டு. அங்கிருந்து பெட்டிகளோடு வாகன நெரிசலில் திரும்பி வருவது பெரும் அவதி. ஸ்டாட்ஸியோனே மரித்திமா, அதற்குள் எந்தக் கப்பல்துறை, ‘போன்டே தெய் மில்லே’யா ‘போன்டே ஆந்த்ரேயா தோரியா’வா என்பதைத் தாளில் எழுதியே காட்டிவிடுங்கள்.

இப்போது பகுதி. ஒரே ஓர் இரவு, கையில் பெரிய பெட்டிகள், காலையில் நேரே கப்பல் என்றால் பியாட்ஸா ப்ரின்சிப்பே ரயில் நிலையத்தின் சுற்றுவட்டாரம்தான் சரி. நிலையத்துக்கு வெளியே கொலம்பஸ் சிலை நிற்கும் சதுக்கத்திலிருந்து கப்பல் முனையத்துக்கு நடந்தால் 10 நிமிடம், அதுவும் இறக்கம். 1897-ல் திறந்த கிராண்ட் ஹோட்டல் சவோயா முதல் சிறிய விடுதிகள் வரை எல்லா விலையிலும் அறை கிடைக்கும். கடற்பக்க வியா கிராம்ஷியில் அறை எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஜன்னலுக்கு நேரே, இரண்டாம் மூன்றாம் மாடி உயரத்தில் ஒரு மேம்பாலச் சாலை போகிறது. ‘கடல் தெரியும் அறை’ என்று விளம்பரம் இருக்கும். கடலும் தெரியும், இரவெல்லாம் வாகனச் சத்தமும் கேட்கும். உள்முற்றம் பார்த்த அறையைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு மூன்று இரவு தங்குகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை தே ஃபெர்ராரி சதுக்கத்துக்கும் ப்ரின்யோலே நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதி. ஜெனோவா மலையில் ஏறி நிற்கும் ஊர். சமதளம் அங்கே அபூர்வம், இந்தப் பகுதியில் அது ஓரளவு கிடைக்கிறது. வியா வென்டி செத்தெம்ப்ரே தெருவின் ஒரு பகுதியில் இருபுறமும் தூண்தாங்கிய நடைமண்டபம் இருப்பதால் அங்கே மழையிலும் பெட்டி நனையாது. கப்பலன்று ப்ரின்யோலேயிலிருந்து ப்ரின்சிப்பேக்கு ரயிலில் ஆறேழு நிமிடம், மெட்ரோவும் உண்டு.

செப்டம்பர் பின்பாதியில் வருகிறீர்கள் என்றால் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் நடக்கும் படகுக் கண்காட்சியான ‘சலோனே நாவ்திக்கோ’ அப்போதுதான். அந்த வாரம் அறை விலை எகிறிவிடும், பல விடுதிகளில் அறையே இருக்காது.

கே: பழைய நகரத்தில் ‘துறைமுகத்திலிருந்து 400 மீட்டர்’ என்று ஒரு அடுக்குமாடி வீடு மலிவாகக் கிடைக்கிறது. முழங்கால் வலியுள்ள அம்மாவும் இரண்டு பெரிய பெட்டிகளும் உடன் வருகின்றன. பதிவு செய்யலாமா?

ப: வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பிப் பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள். ஜெனோவாவில் மீட்டர் கணக்கு ஏமாற்றும். ஏற்றத்தையும் படியையும்தான் பார்க்க வேண்டும்.

முகவரியில் ‘ஸலீத்தா’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். அது செங்குத்தாக ஏறும் சந்து. பாதி இடங்களில் படிக்கட்டாகவே இருக்கும். ‘வீக்கோ’ என்றால் இடுக்குச் சந்து. இந்த ஊரார் ‘கருஜி’ என்று அழைக்கும் பழைய சந்துகளில் பலவற்றில் இரு கைகளையும் நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். டாக்ஸி உள்ளே வராது. கல்பாவிய தரையில் பெட்டிச் சக்கரம் சிக்கிச் சிக்கி நிற்கும்.

அடுத்தது மாடி. இத்தாலியில் தரைத்தளம் கணக்கில் வராது. அதற்கு மேலே உள்ளதுதான் முதல் மாடி. பழைய ஜெனோவா வீடுகளில் இரண்டுக்கும் நடுவே ‘அம்மெட்ஸாத்தோ’ என்ற இடைத்தளம் வேறு இருக்கும். அதுவும் கணக்கில் இல்லை. ஆக ‘மூன்றாம் மாடி’ என்று எழுதியிருந்தால் நான்கு தளம்கூட ஏற வேண்டியிருக்கும். கூரைகள் உயரமானவை, ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் படி அதிகம். படிகள் வழவழப்பான கருங்கற்பலகை அல்லது பளிங்கு. லிஃப்ட் இருந்தாலும் பிற்காலத்தில் படிக்கட்டு நடுவே செருகியதாக இருக்கும். இரண்டு பேர் நின்றால் பெட்டிக்கு இடமில்லை. சில வீடுகளில் லிஃப்ட் வாசலுக்கே பத்துப் பன்னிரண்டு படி ஏற வேண்டும்.

எனவே செய்தியில் இப்படிக் கேளுங்கள்: டாக்ஸி நிற்கும் இடத்திலிருந்து வாசல் எத்தனை மீட்டர், வழியில் எத்தனை படி? தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி? லிஃப்டின் உள் அகலம் எவ்வளவு? எண்ணிக்கையாகப் பதில் வந்தால் நம்பலாம். ‘ஒன்றும் பிரச்சினையில்லை’ என்று மட்டும் வந்தால் வேறு வீடு பாருங்கள். உங்கள் அம்மாவின் முழங்காலை நினைத்தால், லிஃப்ட் உள்ள விடுதியே மேல் என்பது எங்கள் கருத்து.

இன்னொன்று: 2025 முதல் இத்தாலியில் வாடகைக்கு விடும் சுற்றுலா வீடு ஒவ்வொன்றுக்கும் ‘சின்’ எனப்படும் தேசிய அடையாள எண் கட்டாயம். விளம்பரத்திலும் வாசலிலும் அது இருக்க வேண்டும். எண் இல்லாத வீட்டை விட்டுவிடுங்கள்.

கே: முகவரியில் 35 என்று இருந்த உணவகத்தைத் தேடிப் போனால் அங்கே பூட்டிய வீட்டுக்கதவு. அரை மணி நேரம் அலைந்தோம். தவறு எங்கே?

ப: எண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன ‘ஆர்’ எழுத்தைத் தவறவிட்டிருப்பீர்கள். ஜெனோவாவில் ஒரே தெருவில் இரண்டு வரிசை எண்கள் ஓடுகின்றன. வீடுகளுக்குக் கறுப்பு எண், கடைகளுக்கும் உணவகங்களுக்கும் சிவப்பு எண். ‘ஆர்’ என்பது ‘ரோஸ்ஸோ’, அதாவது சிவப்பு. கறுப்பு 35-ம் சிவப்பு 35-ம் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, நூறு மீட்டர்கூடத் தள்ளியிருக்கும். கைபேசி வரைபடத்தில் எண்ணை அடிக்காமல் கடையின் பெயரை அடியுங்கள். தெருவில் நிற்கும்போது சுவரில் சிவப்புக் கல்லெண்களை மட்டும் பார்த்துக்கொண்டே நடங்கள்.

கே: நாங்கள் சைவம். வீட்டில் இரண்டு பேர் முட்டையும் சாப்பிட மாட்டார்கள். ஜெனோவாவில் ரொட்டியும் பழமும்தான் கதியா?

ப: இல்லவே இல்லை. இத்தாலியத் துறைமுகங்களில் சைவர்களுக்கு இவ்வளவு வசதியான ஊர் வேறு இருக்குமா என்பது சந்தேகம். இந்த மண்ணின் பழைய சமையல் துளசி (நம் ஊர்த் துளசி அல்ல, அதே இனத்துப் பேசில்), கீரை, கடலை மாவு, ஆலிவ் எண்ணெய் இவற்றின் மேல் நிற்கிறது. எதில் என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

காலையில் ஃபொக்காச்சா. இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான உயரமுள்ள தட்டை ரொட்டி. மாவைத் தட்டில் பரப்பி விரல் நுனிகளால் குழி குழியாக அழுத்தி, உப்புநீரும் ஆலிவ் எண்ணெயும் அந்தக் குழிகளில் தேங்கும்படி ஊற்றிச் சுடுவார்கள். நல்ல ஃபொக்காச்சாவில் மேடுகள் பொன்னிறமாகவும் குழிகள் வெள்ளையாக ஈரப்பசையோடும் இருக்கும். எல்லாம் ஒரே பழுப்பாக இருந்தால் அது காய்ந்துபோனது. உள்ளூர்க்காரர்கள் உப்புப் பக்கம் நாக்கில் படும்படி திருப்பிப் போட்டுச் சாப்பிடுவார்கள். காப்புச்சீனோவில் தோய்த்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. எடைபோட்டுத்தான் விற்பார்கள். 100 கிராமுக்கு ‘எட்டோ’ என்று பெயர். ஆளுக்கு ஒன்றரை எட்டோ போதும். சில அடுமனைகளில் மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு. ‘சென்ஸா ஸ்த்ருத்தோ?’ என்று கேளுங்கள், ‘கொழுப்பு இல்லாததா?’ என்று பொருள்.

மதியம் பெஸ்டோ, பாஸ்தாவில் கலக்கும் பச்சைத் துவையல். ஜெனோவா துளசி, பைன் கொட்டை, பூண்டு, கல்லுப்பு, ஆலிவ் எண்ணெய், பார்மிஜானோ, பெக்கொரீனோ சீஸ். இவ்வளவுதான். பளிங்கு உரலில் மர உலக்கையால் அரைப்பது மரபு. பெஸ்டோவை அடுப்பில் சூடாக்க மாட்டார்கள், சூடாக்கினால் துளசி கறுத்துக் கசக்கும். வெந்த பாஸ்தாவின் சூடே அதற்குப் போதும். உருளைக்கிழங்கும் பச்சை பீன்ஸும் பாஸ்தாவோடு சேர்த்து வேகவைத்துப் பெஸ்டோ கலந்து தருவார்கள். முட்டை வேண்டாதவர்கள் ‘த்ரோஃபியே’ கேளுங்கள். கையால் முறுக்கிய குட்டிப் பாஸ்தா, வழக்கமாக வெறும் மாவும் தண்ணீரும்தான். ‘த்ரெனெத்தே’ உலர்பாஸ்தாவாக இருந்தால் அதிலும் பொதுவாக முட்டை இராது. பட்டுக் கைக்குட்டைபோல மெல்லிய ‘மான்தில்லி’யில் முட்டை உண்டு. வால்நட் சாஸோடு வரும் ‘பன்ஸோத்தி’ கீரை அடைத்தது. இறைச்சி இல்லை, ஆனால் முட்டை இருக்கும். ஈஸ்டர் பண்டமான ‘தோர்த்தா பஸ்குவலீனா’வில் கீரைக்கு நடுவே முழு முட்டையே உட்கார்ந்திருக்கும்.

சீஸ் விஷயத்தில் கண்டிப்பானவர்களுக்கு ஒரு தகவல். பார்மிஜானோ சீஸைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் கொண்டுதான் உறையவைக்கிறார்கள். அது வேண்டாமென்றால் மரபான பெஸ்டோவும் உங்களுக்கு ஆகாது. ‘சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ’, சீஸ் இல்லாதது, என்று கேளுங்கள். சில கடைகளில் செய்து தருவார்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடியவை: ‘ரவியோலி அல் டொக்கோ’ முழுக்க இறைச்சி. ‘ரிப்பியேனி’ என்ற அடைத்த காய்கறியில் இறைச்சி கலந்திருக்கலாம். ‘ப்ரோதோ’ என்று வந்தால் பெரும்பாலும் இறைச்சிச் சாறு. பச்சைச் சாஸான ‘ஸல்ஸா வெர்தே’யில் நெத்திலி இருக்கும். கப்பல் அடுத்து நேப்பிள்ஸ் போகிறதென்றால் மிகவும் கவனம். அங்கே மெனுவில் ‘ஜெனொவேஸே’ என்று போட்டிருப்பது பெஸ்டோ அல்ல. வெங்காயத்தோடு மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டிறைச்சிச் சாஸ்.

‘வெஜிட்டேரியன்’ என்று மட்டும் சொன்னால் மீன் வரக்கூடும். ‘நொன் மஞ்ஜோ கார்னே, நே பெஷ்ஷே, நே உவோவா’ என்று சொல்லுங்கள். இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம் என்று பொருள்.

கே: ஃபரினாட்டா என்ற கடலை மாவுப் பண்டம் பற்றிக் கேள்விப்பட்டோம். கேட்ட கடையில் ‘இப்போது இல்லை’ என்றார்கள். எப்போது, எங்கே கிடைக்கும்?

ப: கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு நான்கே பொருள். முட்டையும் இல்லை, பாலும் இல்லை. ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கரைத்து, குறைந்தது நான்கு மணி நேரம் ஊறவிட்டு, மேலே மிதக்கும் நுரையை வழித்தெடுக்க வேண்டும். பிறகு அகலமான செம்புத் தட்டில் எண்ணெய் விட்டு, கரைசலை ஊற்றி, விறகடுப்பின் கடும் சூட்டில் சுடுவார்கள். மாவு ஊறவும் வேண்டும், அடுப்பு காயவும் வேண்டும். அதனால்தான் உங்களுக்கு ‘இல்லை’ என்ற பதில் கிடைத்தது. மதியச் சாப்பாட்டு வேளையிலும் மாலையிலும்தான் தட்டு வெளியே வரும். வந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அடுத்த தட்டுக்குக் காத்திருப்பது இங்கே சாதாரணம். காத்திருங்கள்.

தட்டு வெளியே வந்ததும் பாருங்கள்: மேலே மெல்லிய தோல் ஆங்காங்கே கருகிக் கொப்புளித்திருக்கும். ஓரம் மொறுமொறுப்பாகவும் உள்ளே கூழ்போலவும் இருக்கும். உயரம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. மிளகைப் பொடித்துத் தூவி உடனே சாப்பிட வேண்டும். ஆறினால் ரப்பர்தான், பொட்டலம் கட்டிக் கப்பலுக்கு எடுத்துப் போவதில் பயனில்லை. பழைய நகரத்தில் வியா தெய் ஜுஸ்தினியானியிலுள்ள ‘ஸா பெஸ்தா’ இதற்குப் பேர்போனது. ‘ஷமாத்தா’ என்று பலகை போட்ட பழைய அடுப்புக் கடைகளிலும் கேட்கலாம். வெங்காயம் போட்டதும் ரோஸ்மேரி போட்டதும் சைவம். ‘பியாங்கெத்தி’ என்றால் பொடிமீன்.

இதே மாவைக் கெட்டியாகக் கிண்டி ஆறவைத்து வெட்டிப் பொரிப்பது ‘பனிஸ்ஸா’. பொருளைப் பார்த்தால் சைவம். ஆனால் பொரியல் கடைகளில் மீன் பொரித்த எண்ணெயிலேயே அதையும் பொரிப்பார்கள். எலுமிச்சையும் வெங்காயமும் போட்டுப் பொரிக்காமல் தரும் பனிஸ்ஸாவும் உண்டு, அதைக் கேளுங்கள். கோதுமை ஒவ்வாதவர்கள் ஃபரினாட்டா விஷயத்தில் அடுப்பைப் பற்றி விசாரியுங்கள். ஃபொக்காச்சா சுடும் அடுப்பே இதற்கும் என்றால் வேண்டாம். சவோனாவில் ‘ஃபரினாட்டா பியாங்கா’ என்று கோதுமை மாவிலேயே செய்வதும் இருக்கிறது.

கே: மாலை 4 மணிக்கு நல்ல பசி. எந்த உணவகமும் திறந்திருக்கவில்லை. இத்தாலியில் எப்போதுதான் சாப்பிடுவார்கள்?

ப: மதியம் 12 அல்லது 12:30 முதல் 2:30 வரை, இரவு 7:30 முதல் 10 வரை. நடுவில் சமையலறை மூடிவிடும். இடைவேளையில் முழுச் சாப்பாடு தருகிற கடை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்காகவே நடப்பது, சுவையும் அப்படித்தான் இருக்கும். அந்த நேரத்துக்கு ஃபொக்காச்சா கடையும் காப்பி பாரும்தான் துணை. வென்டி செத்தெம்ப்ரே தெருவில் 1899-ல் திறந்த மெர்க்காத்தோ ஓரியென்டாலே சந்தையின் நடுக்கூடத்தில் 2019 முதல் உணவுக் கடைகளும் இருக்கின்றன, கையேந்திச் சாப்பிட வசதி. சந்தையின் காய்கறிக் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. குடும்ப உணவகங்கள் பல ஞாயிறு இரவிலோ திங்களன்றோ மூடியிருக்கும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வாரக்கணக்கில் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு.

கே: இரண்டு பேர் சாப்பிட்ட பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்று தனியாக ஒரு தொகை. விடுதியிலும் முழுப் பணம் கட்டியபின் வரி என்று கேட்டார்கள். ஏமாற்றா?

ப: இரண்டுமே முறையானவை. கொப்பெர்த்தோ என்பது மேசைவிரிப்புக்கும் ரொட்டிக்குமான ஆள்கணக்குக் கட்டணம். பொதுவாக ஆளுக்கு 2, 3 யூரோ. மெனுவில் அச்சிட்டிருக்க வேண்டும், அச்சில் இல்லையென்றால் கேள்வி கேட்கலாம். இதற்குமேல் டிப்ஸ் கட்டாயமில்லை. விடுதியில் கேட்டது நகராட்சியின் தங்கல் வரி, ஆள் ஒன்றுக்கு இரவு ஒன்றுக்கு இவ்வளவு என்று. இணையத்தில் பதிவு செய்யும்போது கட்டிய தொகையில் இது பெரும்பாலும் சேராது. பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். தங்குகிறவர் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது விடுதியின் சட்டக் கடமை. அசல் கையில் இருக்கட்டும்.

கே: எங்கள் கப்பல் ஜெனோவாவில் ஒரே பகல்தான் நிற்கிறது. ஆறு மணி நேரம் கிடைக்கும். எப்படிச் சாப்பிட்டுச் சுற்றுவது?

ப: கடலோரச் சுற்றுலா ஊரான போர்ட்டோஃபினோ போய்வர ஆசைப்படாதீர்கள். ரயிலும் பேருந்தும் மாறியே நேரம் கரைந்துவிடும். முனையத்திலிருந்து கிழக்கே 15, 20 நிமிடம் நடந்தால் காரிக்கமென்டோ சதுக்கம். அதன் எதிரே ஸொத்தோரீப்பா என்ற இடைக்காலத் தூண்மண்டபம். கடல் உணவு சாப்பிடுகிறவர்களுக்கு நெத்திலியும் கணவாயும் பொரித்துக் கூம்புத் தாளில் தரும் கடைகள் இங்கேதான். காலையில் ஒரு துண்டு ஃபொக்காச்சாவோடு சந்துகள் வழியாக வியா கரிபால்டி ஏறுங்கள். 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமான ‘ரோல்லி’ மாளிகைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. போர்த்தெல்லோ சதுக்கத்தின் பொது லிஃப்டில் காஸ்தெல்லெத்தோ மேட்டுக்குப் போனால் ஊர், துறைமுகம், உங்கள் கப்பல் எல்லாம் காலடியில் தெரியும். 12 மணிக்குள் இறங்கி ஃபரினாட்டா கடை வரிசையில் நில்லுங்கள். பிறகு 1780 முதல் மிட்டாய் செய்யும் ரொமனெங்கோ கடை. சர்க்கரையில் ஊறிய பழங்களும் ரோஜாப் பாகும் அவர்கள் கைவேலை. அங்கிருந்து கப்பலுக்கு நடையாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள், டாக்ஸியை நம்பாதீர்கள். இரண்டு கப்பல்கள் சேர்ந்து நிற்கும் நாளில் நிறுத்தத்தில் வண்டி இருக்காது.

கே: இரவுச் சாப்பாடு முடித்துப் பழைய நகரத்தின் வழியாக நடந்து ப்ரின்சிப்பே விடுதிக்குத் திரும்பலாமா?

ப: பகலில் தாராளமாக. இரவு 10 மணிக்குமேல் வியா ப்ரே, மத்தலேனா சந்துகளைத் தவிருங்கள். கூட்டம் குறைந்து இருண்டுவிடும். வியா பால்பி வழியாக நடங்கள், அல்லது தே ஃபெர்ராரியிலிருந்து மெட்ரோ. கடைசி வண்டி நேரத்தைப் போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: பெஸ்டோ வாங்கி ஊருக்குக் கொண்டுபோக முடியுமா?

ப: முடியும், எந்தப் பெஸ்டோ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடையில் அன்றாடம் அரைத்துத் தருவது குளிர்பெட்டியில் சில நாள்தான் தாங்கும். கப்பல் பயணம் தொடங்கும் நாளில் அதை வாங்காதீர்கள், அறை வெப்பத்தில் கெட்டுவிடும். பயணம் ஜெனோவாவில் முடிகிற அன்று வாங்குங்கள். குளிர்பெட்டிக்கு வெளியே அடுக்கி வைத்திருக்கும் சீசா பல மாதம் தாங்கும். அதன் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். ‘பசிலிக்கோ ஜெனொவேஸே டி.ஓ.பி.’ என்ற பிறப்பிடச் சான்று இருந்தால் துளசி ஜெனோவா அமைந்த லிகூரியா மாநிலத்தில் விளைந்தது. ‘அனக்கார்தி’ என்றால் முந்திரி. பைன் கொட்டை விலை அதிகம் என்பதால் பாதிக்கு முந்திரி போட்டிருப்பார்கள். சுவைக்கு மட்டுமல்ல, கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இது முக்கியம்.

விமானத்தில் பெஸ்டோ திரவக் கணக்கில் வரும். 100 மில்லிக்கு மேற்பட்ட சீசாவைக் கைப்பையில் வைத்தால் பல விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். ஜெனோவா விமான நிலையம் 2017-ல் இதற்கு ஒரு விலக்குக் கொண்டுவந்தது. ஒரு சிறு நன்கொடை செலுத்தி, அடையாள ஒட்டி வாங்கி ஒட்டினால் 500 கிராம் வரை கைப்பையில் போகலாம். நேரடி விமானத்துக்கு மட்டுமே இது செல்லும். வேறு ஊரில் இறங்கி மாறுகிறீர்கள் என்றால் அங்கே பறிபோகக்கூடும். மாறிப் போகிறவர்கள் சீசாவை இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டு, துணிகளுக்கு நடுவே சுற்றி, சரக்கில் போடும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். ஆலிவ் எண்ணெய்க் கறை துணியிலிருந்து எளிதில் போகாது.